தோண்டியவர் பெயர் இல்லாத அறிக்கைகள்

அமெரிக்கத் தொல்லியல் என்றால் பேராசிரியர் ஒருவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் தோண்டப் போவதாகத்தான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அந்தக் காலம் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. இன்று அந்நாட்டில் நடக்கும் கள ஆய்வுகளில் பெரும்பகுதியைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துச் செய்கின்றன. நெடுஞ்சாலை, எரிவாயுக் குழாய், உயரழுத்த மின்தடம், நீர்த்தேக்கம் என்று நடுவண் அரசின் பணமோ நிலமோ அனுமதியோ தேவைப்படும் திட்டம் எதுவானாலும், இயந்திரம் இறங்குவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனைக்குக் கல்லூரிப் பட்டம் பெற்றவர்களை மூன்று வாரம், இரண்டு மாதம் என்று அமர்த்துகிறார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தங்களை ‘ஷவல் பம்’ (மண்வாரி நாடோடி) என்று சொல்லிக்கொள்ளும் இந்த நாடோடிக் களப்பணியாளர்களைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. பேச வேண்டும் என்பதற்கு அவர்கள் படும் பாடு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மண்ணடுக்கைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராகவும் அதைப் பற்றி எழுதுபவர் வேறொருவராகவும் இருக்கும்படி அங்கே தொழில் அமைந்துவிட்டது. அந்த இடைவெளியில் வரலாறு கசிந்து போகிறது என்பதே என் வாதம்.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று பார்த்தால் முதலில் எதிரே வருவது 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலையில்லாத லட்சக்கணக்கானோருக்குக் கூலி கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு வழி தேடியபோது, அதிக ஆள் தேவைப்படும், கருவிச் செலவு குறைவான வேலையாக அகழாய்வு அகப்பட்டது. 1933இல் லூயிசியானாவின் மார்க்ஸ்வில் மண்மேடுகளில் நிவாரணக் கூலிகளைக் கொண்டு தோண்டினார்கள். அடுத்த ஆண்டே டென்னசியில் நாரிஸ் அணைக்கட்டின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வேலை தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகருக்கு அருகே ஐரீன் மேட்டில் 1937 முதல் 1940 வரை நடந்த அகழாய்வில் மண்வாரியைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அவர்கள் வேலை செய்யும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. அன்றைக்குத் தொழிலாளியின் பசி முதலில் வந்தது, பழம்பொருள் பின்னால் வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிசௌரி ஆற்றுப்படுகையில் அணைகள் எழுந்தன. பூர்வகுடிகளின் குடியிருப்புகளும் வயல்களும் அவற்றில் மூழ்கின. மூழ்குவதற்கு முன் கிடைத்ததைப் பதிவுசெய்ய ஸ்மித்சோனியன் நிறுவனம் 1946 முதல் 1969 வரை ஒரு பெரும் மீட்பு ஆய்வை நடத்தியது. நாகார்ஜுனசாகர் அணைக்காக நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை நம் தொல்லியல் துறை செய்த மீட்புப் பணியும் இதே வகைதான்.

திருப்பம் 1966இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, நடுவண் அரசுத் துறை ஒவ்வொன்றும் தன் திட்டத்தால் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கு என்ன நேரும் என்று கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றது. காப்பாற்றியே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடு என்றது. அதற்கே ஆயிரக்கணக்கான நிலங்களை நடந்து பார்க்க வேண்டியிருந்தது. அணைகளோடும் சாலைகளோடும் தொடர்புடைய மீட்புப் பணிக்குத் திட்டச் செலவில் ஒரு பங்கை ஒதுக்க 1974இல் வந்த இன்னொரு சட்டம் வழிசெய்தது. பல்கலைக்கழகங்களால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு வேலை பெருகியபோது ஆலோசனை நிறுவனங்கள் முளைத்தன. சட்டம் மண்ணுக்காக எழுதப்பட்டது. அந்த மண்ணைத் தோண்டப்போகிறவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அவர் செய்யும் வேலையை அருகில் போய்ப் பார்ப்போம். லூயிசியானாவின் பைன் தோட்டம் ஒன்றில் குழாய் போகப்போகிறது. ஐந்து பேர் 30 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கிறார்கள். கையில் திசைகாட்டி, தோளில் மண்வாரி, இடுப்பில் சல்லடையை அண்டக் கொடுத்துக்கொண்டு முட்புதருக்குள் நேர்கோட்டில் நடக்கிறார்கள். 30 மீட்டருக்கு ஒரு குழி. அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஆழம், மனிதர் புழங்கிய தடம் அற்றுப்போகும் அடிமண் வரை. வெட்டிய மண் முழுவதையும் கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் கொட்டிக் குலுக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் குலுக்கி ஆகாது, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் இறக்க வேண்டும். பிறகு குழியின் சுவரிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து ஈரப்படுத்தி, மன்செல் வண்ணப் புத்தகத்தின் சதுரங்களோடு ஒத்துப்பார்த்து, ‘10ஒய்ஆர் 4/3’ என்று எழுதுகிறார். பழுப்பு நிறத்தில் எந்தப் பழுப்பு என்பதற்கான முகவரி அது. எத்தனை சென்டிமீட்டரில் நிறம் மாறியது, அது மணலா வண்டலா, வேர் எவ்வளவு என்பதையும் குறித்துக்கொண்டு குழியை மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு நடக்கிறார். மண் இளகலாக இருந்தால் ஒரு நாளில் இருபது முப்பது குழிகள் ஆகும்.

பெரும்பாலான குழிகளில் ஒன்றும் இருக்காது. வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமலே ஒரு திட்டம் முடிந்துவிடும். ஆனால் சல்லடையில் விரல் நகம் அளவு ஒரு கல் சில்லு தங்கிவிட்டால் எல்லாம் மாறும். அது இயற்கையாக உடைந்ததா, ஒரு மனிதர் கருவி செய்தபோது தெறித்ததா என்று அந்த இடத்தில், வியர்வை வழியும் கண்ணோடு, அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மனிதர் கைபட்டது என்றால் அந்தக் குழியைச் சுற்றி நான்கு திசையிலும் நெருக்கமாகத் தோண்டி எல்லை கண்டுபிடிக்கிறார்கள். இடம் முக்கியமானது என்று பட்டால் இரண்டாம் கட்டச் சோதனை, அதையும் தாண்டினால் முழு அகழாய்வு. இவ்வளவு பெரிய ஏற்பாடும் அந்த ஒரு நொடித் தீர்மானத்தில் தொடங்குகிறது. அவர் அதை வெறும் கல் என்று எறிந்துவிட்டால், அப்படி ஓரிடம் இருந்தது என்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை. குழாய் அதன் மேல் போய்விடும்.

இத்தனை பொறுப்பு உள்ளவருடைய வேலை எத்தனை நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. பத்து நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு என்பது பரவலான முறை. குளிர்காலத்தில் வட மாநிலங்களில் தரை உறைந்துவிடும் என்பதால் கூட்டம் தெற்கே டெக்சஸ், ஃபுளோரிடா, லூயிசியானா பக்கம் நகரும்; கோடையில் மேலே ஏறும். மழையால் ஒரு வாரம் வேலை நின்றால் அந்த வாரக் கூலி போயிற்று. நெடுஞ்சாலையோர மோட்டலில் இருவருக்கு ஓர் அறை. சம்பளம் அண்மை ஆண்டுகளில் மணிக்கு 20 டாலரை ஒட்டி இருக்கிறது. அதற்கு மேல் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் பேட்டா. பலருக்குக் கையில் மிஞ்சுவது இந்தப் பேட்டாதான். காசை மிச்சம் பிடிக்க வேனுக்குள்ளேயோ முகாம் மைதானத்தில் கூடாரத்திலோ படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

பேட்டாவுக்கு வரி கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. தனக்கென்று நிலையான ஓர் ஊரும் அங்கே செலவும் உள்ளவர் அதை விட்டுத் தற்காலிகமாக வெளியே போனால்தான் அது பயணப்படி ஆகும். ஓரிடமும் சொந்தமில்லாமல் வேலைக்கு வேலை அலைகிறவரை அமெரிக்க வருமான வரித்துறை நாடோடி என்று வகைப்படுத்துகிறது. அவர் எங்கே வேலை செய்கிறாரோ அதுவே அவர் வீடு. எனவே அவருக்குக் கிடைக்கும் படி வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடலாம். வருடம் முழுக்க அலைவதால் வீட்டு வாடகை கட்ட முடியாதவர், வீடு இல்லை என்பதற்காகவே கூடுதலாக வரி கட்ட நேரிடுகிறது. இந்த விதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. வரி விதியில் தவறில்லை என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். ஆனால் ஒரு தொழில், தன்னிடம் வருகிறவர்களை வீடற்றவர்களாக்கினால்தான் ஓடும் என்ற நிலைக்கு வந்திருப்பது நிச்சயம் தவறு.

கூலிக்குக் கீழ்வரம்பே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் துறை வெளியிடும் ஊதியப் பட்டியலில் தொல்லியல் தொழில்நுட்பர் என்ற பிரிவு மூன்று படிநிலைகளோடு இடம்பெற்றுள்ளது. அரசுத் துறை நேரடியாக ஒப்பந்தம் தரும் வேலைக்கு அது பொருந்தும். தனியார் குழாய் நிறுவனம் அரசின் அனுமதி பெறுவதற்காகத் தன் பணத்தில் ஆய்வு செய்விக்கும்போது பொருந்தாது. அங்கே யார் குறைந்த தொகைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கிறாரோ அவருக்கே வேலை போவது வழக்கம். மோட்டல் வாடகையை யாரும் குறைக்க முடியாது, பெட்ரோல் விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிவது ஆட்களின் நாட்களையும் கூலியையும்தான். 1990களில் களப்பணியாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, கனரக இயந்திர இயக்குநர்களின் பெரிய தொழிற்சங்கத்தோடு இணைந்து போராடிப் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒரு மாநிலம், வேலைக்கு ஒரு முதலாளி என்று சிதறிக் கிடப்பவர்களை ஒரே கொடியின்கீழ் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று நம்மூர்ப் புலம்பெயர் கட்டுமானத் தொழிலாளர்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடம்புக்கு வரும் ஆபத்துகளும் இந்த நிலையின்மையோடு பின்னிக் கிடக்கின்றன. தென்மேற்கின் வறண்ட மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குள் போனால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும். சல்லடையைக் குலுக்குவதே தூசி கிளப்பும் வேலை. 2001 கோடையில் யூட்டா மாநிலத்தின் டைனோசர் தேசிய நினைவிடத்தில் ஒரு தொல்லியல் களத்தில் வேலை செய்த பத்துப் பேருக்கு அந்நோய் கண்டது. பெரும்பாலோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கிழக்கே போனால் உண்ணிக்கடியால் வரும் லைம் நோய். இரண்டுமே உடனே தெரியாதவை. அறிகுறி தலைகாட்டும்போது வேலை முடிந்து, ஆள் வேறு மாநிலத்தில் வேறு நிறுவனத்தில் இருப்பார். எந்தக் களத்தில் வந்தது என்று நிரூபிப்பது யார், செலவை ஏற்பது யார்? மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டுண்டிருக்கும் நாட்டில், மூன்று வார வேலைக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை.

பெண்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. கள ஆய்வாளர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 666 பேர் பதிலளித்தனர். மானிடவியலரும் தொல்லியலரும் அதில் கணிசமாக இருந்தனர். 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் பாலியல் தாக்குதலைச் சந்தித்திருந்தனர். பல்கலைக்கழகக் களங்களையும் உள்ளடக்கிய ஆய்வு அது. ஒப்பந்தக் களத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். அடுத்த வேலை, இன்றைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொல்லும் நல்வார்த்தையால் வரவேண்டும். அவர்மீதே புகார் என்றால் யாரிடம் போவது? பகலில் ஒரே வண்டி, இரவில் ஒரே மோட்டல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். பதில் எளிது: மண் அவர்களைப் பிடித்துவைத்திருக்கிறது. தவிர, சட்டம் கட்டாயப்படுத்திய இந்த அவசரத் தோண்டல்கள் கண்டெடுத்தவை சாதாரணமானவை அல்ல. 1991இல் நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனில் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு அடித்தளம் போடுவதற்கு முன் தோண்டிப் பார்த்தபோது, பல அடி நிரப்பு மண்ணுக்குக் கீழே ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. 106ஆம் பிரிவு இல்லாவிட்டால் அங்கே முன்கூட்டித் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். 419 பேரின் எச்சங்கள் வெளியே எடுக்கப்பட்டன. நியூயார்க்கின் தொடக்ககாலம் எத்தனை அடிமைகளின் முதுகின்மேல் எழுந்தது என்பது எலும்பில் எழுதியிருந்தது. கட்டுமானக் கால அட்டவணை நெருக்க, தோண்டல் வேகவேகமாக நடந்தபோது, கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அதை நிறுத்தவைத்தார்கள். எச்சங்கள் 2003இல் மரியாதையோடு மறுபடி புதைக்கப்பட்டன. 2006இல் அந்த இடம் தேசிய நினைவிடமானது. அதுபோலவே மிசிசிப்பி ஆற்றுக்கு மேலே புதிய பாலம் கட்டுவதற்காகக் கிழக்கு செயின்ட் லூயிஸில் நடந்த அகழாய்வு, பூர்வகுடிகளின் கஹோக்கியா நாகரிகத்தைச் சேர்ந்த பெரிய நகர்ப்பகுதி ஒன்றை வெளிக்கொணர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் தடங்கள் அங்கே மண்ணில் கறைகளாகப் படிந்திருந்தன. அந்தக் கறைகளை முதலில் கண்டவை களப்பணியாளர்களின் கண்கள்.

ஆனால் அறிக்கை யார் எழுதுகிறார்? இங்கேதான் முதலில் சொன்ன கசிவு நடக்கிறது. அமெரிக்க உள்துறை 1983இல் வெளியிட்ட தகுதி விதிகளின்படி தொழில்முறைத் தொல்லியலாளர் என்று ஏற்கப்பட முதுநிலைப் பட்டமும் குறிப்பிட்ட கள, ஆய்வு அனுபவமும் வேண்டும். இளங்கலைப் பட்டத்தோடும் ஆறேழு வாரக் களப் பயிற்சியோடும் வரும் தொழில்நுட்பர், பத்து ஆண்டுகள் தோண்டினாலும் அந்த வாசலுக்கு வெளியேதான். அந்தப் பயிற்சியும் இலவசமில்லை. பெரும்பாலும் கட்டணம் கட்டியே போக வேண்டும். தோண்டல் முடிந்த அன்றே அவருடைய சம்பளம் நிற்கிறது. ஆய்வகமும் எழுத்தும் தலைமை ஆய்வாளருடையவை. பல வேளைகளில் அவர் அந்த மண்ணை நேரில் பார்த்தே இருக்க மாட்டார். படிவத்தில் ‘கரும்பழுப்பு, கரி கலந்தது’ என்று இருப்பதை வைத்து அடுப்பா, காட்டுத்தீயா என்று முடிவுசெய்ய வேண்டும். தோண்டியவரைக் கேட்கலாம் என்றால் அவர் இரண்டு மாநிலம் தள்ளி வேறொரு குழிக்குள் இருப்பார். கேட்பதற்கான மணிநேரத்துக்கு ஒப்பந்தத்தில் பணமும் இல்லை.

அலைச்சலால் நன்மையும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். நெவாடாவின் உப்புப் படுகையிலிருந்து கரோலினாவின் செம்மண் வரை தோண்டியவருக்கு, ஒரே பள்ளத்தாக்கில் வாழ்நாளைக் கழித்த பேராசிரியருக்குக் கிட்டாத ஒப்புநோக்கும் கண் வாய்க்கிறது. அந்தக் கண்ணைப் பயன்படுத்திக்கொள்ள இத்துறையில் இடமில்லை என்பதே என் குறை. அறிக்கையில் பெரும்பாலும் அவர் பெயர் பின்னிணைப்பில் ஒரு வரியாக வரும், சிலவற்றில் அதுவும் வராது. திருட்டுத் தோண்டலைத் தடுக்கக் களங்களின் இருப்பிடத்தைச் சட்டம் மறைத்துவைப்பதால் அறிக்கைகள் பெரும்பாலும் மாநில அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடுகின்றன. தான் கண்டதைப் பற்றிப் பொதுவெளியில் எழுதக்கூட அவருக்கு வழி குறைவு.

இது தொழிலாளர் நலப் பிரச்சினை மட்டுமே என்று ஒதுக்கியவர்களும் இப்போது கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள். ஜெஃப்ரி ஆல்ட்ஷுல், டெரி கிளைன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணிப்பின்படி, இத்துறையில் ஆண்டுச் செலவு 146 கோடி டாலரிலிருந்து 2031க்குள் 185 கோடி டாலராக உயரும். 2021இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். சுமார் 11,000 புதிய முழுநேரப் பணியிடங்கள் உருவாகும், அவற்றில் 8,000க்கு மேல் தொல்லியலாளருக்கு உரியவை, அவற்றிலும் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு உயர் பட்டம் தேவைப்படும் என்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் அத்தனை பேரை உருவாக்கவில்லை. களத்தில் பழுத்த அனுபவத்தோடு இருப்பவர்களோ, முழங்காலும் முதுகும் வலிக்கத் தொடங்கியதும், குழந்தை பிறந்ததும், இந்தத் தொழிலை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை வானத்திலிருந்து விழவில்லை. அரை நூற்றாண்டாக ஆட்களைச் செலவழித்ததன் கணக்கு அது.

நமக்கு இதில் என்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. தோண்டியவரே எழுத வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய வாதமல்ல. கீழடி அகழாய்வின் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய கி. அமர்நாத் ராமகிருஷ்ணன் 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அறிக்கை 2023 ஜனவரியில்தான் கையளிக்கப்பட்டது. அங்கே காரணம் ஒப்பந்தமுறை அல்ல. என்றாலும் களத்திலிருந்து ஆளைப் பிரித்தால் அறிவு எவ்வளவு தள்ளிப்போகும் என்பதைத் தமிழர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். நம் குழிகளில் கடப்பாறையும் கூடையும் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள், பெண்கள் அதிகம். எந்த மண் எங்கே மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களும் அறிக்கையில் பெயரற்றவர்களே.

இந்தியச் சட்டம் இன்றைக்குப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றியே காவல் நிற்கிறது. 2010 திருத்தத்தின்படி அவற்றைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பட்டியலில் ஏறாத மண்மேட்டின் மீது நான்கு வழிச்சாலை போனால் கேட்பாரில்லை. பெரிய திட்டங்களுக்கு முன் தொல்லியல் சோதனை கட்டாயம் என்று ஒரு சட்டம் நமக்கு வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பவர்களோடு நானும் சேர்கிறேன். அந்தச் சட்டத்தை எழுதும்போதே, ஆட்கூலியை ஒப்பந்தப்புள்ளிப் போட்டிக்கு வெளியே வைத்து அரசே நிர்ணயிக்கட்டும். தோண்டிய ஒவ்வொருவருக்கும் அறிக்கை முடியும்வரை சம்பளத்தோடு கூடிய நாட்களை ஒதுக்கட்டும். குழிக் குறிப்பை எழுதியவர் பெயரை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடட்டும். அமெரிக்கா 1966இல் எழுதாமல் விட்ட வரிகள் இவை. நாம் எழுதிவிட்டுத் தொடங்குவோம்.